சரவாக்கின் பச்சைக் கலை: நீள்வீட்டிலிருந்து மாநாட்டு மண்டபம் வரை

1906ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்து வெளிவந்த மானிடவியல் ஆய்விதழ் ஒன்றில், போர்னியோத் தீவு மக்கள் உடலில் குத்திக்கொள்ளும் பச்சையைப் பற்றி நீண்டதொரு கட்டுரை இடம்பெற்றது. அதனை எழுதியவர் இருவர். ஒருவர் சார்ல்ஸ் ஹோஸ்; புரூக் மரபினர் சரவாக்கை ஆண்ட காலத்தில் பாராம் ஆற்றுப் பகுதியின் ஆட்சி அலுவலராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். மற்றவர் இராபர்ட் ஷெல்ஃபர்ட். கூச்சிங் நகரிலுள்ள சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாளராக விளங்கியவர். காயான் குலப் பெண்ணொருத்தியின் உடலில் பச்சைக் கோலம் முழுமை பெறுவதற்குச் சில வேளைகளில் நான்கு ஆண்டுகள் வரை ஆகும் என்று அவ்விருவரும் எழுதினர். கருவியோ சிறு குச்சி. மையோ சட்டியின் அடிக்கரி. குத்தும் இடமோ நீள்வீட்டின் பலகைத் தரை. இத்துணை எளிய பொருள்களைக் கொண்டு செய்யும் வேலைக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், அக்கலையின் இயல்பு மட்டுமன்றி, இருபதாம் நூற்றாண்டில் அது பட்ட பாடும் விளங்கும்.

பச்சை குத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த மூதாட்டியர் பலருடைய முன்கைகளில் குறத்தி குத்திய கோலமும் புள்ளியும் பெயரும் பசுமை மங்கி நின்றதைக் கண்டோர் இன்றும் உளர். ஆயினும் அவை பெரும்பாலும் ஒரு திண்ணையில், ஒரு பகற்பொழுதில் முடிந்துவிட்ட வேலைகள். காயான் மகளிர் ஏற்றதோ விரல்கள், முன்கைகள், பாதங்கள், தொடைகள் என உடலின் பெரும்பகுதியை மூடும் கோலம். சற்றே தொலைவில் நின்று காண்பார்க்கு நுண்ணிய பின்னல் வேலைப்பாடுள்ள கருந்துகில் ஒன்றை உடுத்தியது போலவே தோன்றும்.

காயான் மக்களிடையே பச்சை குத்துவோர் யாவரும் பெண்டிரே. தாயிடமிருந்து மகளுக்கு என்று ஓரளவு வழிவழியாக வந்த தொழில் அது. கொல்லரையும் மரம் செதுக்குவோரையும் காப்பதற்கு ஓர் ஆவி இருப்பது போலவே, பச்சை குத்துவோரைக் காப்பதற்கும் ஓர் ஆவி உண்டென்பது அவர்களுடைய நம்பிக்கை. ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்குமுன் அதற்குப் பலி கொடுத்தல் வேண்டும். தன் குழந்தைகள் சிறியவர்களாக இருக்குங்காறும் அப்பெண் தொழிலைத் தொடுதல் கூடாது. சில உணவுகளையும் விலக்குதல் வேண்டும். விலக்கை மீறினால் குத்திய கோலம் தெளிவாக எழாது என்றும், குத்தியவளே நோயுற்று மாள்வாள் என்றும் அஞ்சினர்.

கருவிகளின் அமைப்பும் அறியத்தக்கது. ஒரு மரக்குச்சியின் நுனியில் செங்குத்தாகச் சிறு தலையொன்று நீண்டிருக்கும். அத்தலையில் பிசின் உருண்டையை ஒட்டி, அதற்குள் மூன்று அல்லது நான்கு ஊசிகளை முனை மட்டும் வெளியே தெரியும்படி பதித்திருப்பர். இன்னொரு கையில் பாதிவரை நூல் சுற்றிய குட்டையான இரும்புக் கோல். ஊசிக் குச்சியை மையில் தோய்த்துத் தோலின்மேல் வைத்து, அதன் காம்பை இரும்புக் கோலால் தட்டித் தட்டி முன்னேறுவர். சட்டியின் அடியில் படியும் கரியையோ, குங்கிலியத்தை எரித்தெடுத்த புகைக்கரியையோ நீரிலும் கரும்புச் சாற்றிலும் குழைத்தால் மை ஆயத்தமாகிவிடும். கோலங்களோ கலைஞரின் கைப்போக்கில் எழுந்தவை அல்ல. அவை மரக்கட்டைகளில் மேடாகச் செதுக்கப்பட்டிருந்தன. அக்கட்டைக்குக் கெலிங்ஙே என்று பெயர். கட்டையில் மையைப் பூசித் தோலில் ஒற்றியெடுத்தால் கோலத்தின் அச்சு விழும். அவ்வச்சின் வழியே ஊசி செல்லும். அக்கட்டைகளைச் செதுக்குவது ஆடவர் தொழில். ஆணின் உளியும் பெண்ணின் ஊசியும் கூடித்தான் அக்கோலம் பிறந்தது.

பத்து வயதளவில் சிறுமியின் விரல்களிலும் பாதங்களின் மேற்புறத்திலும் வேலை தொடங்கும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து முன்கைகள் நிறைவுபெறும். அடுத்த ஆண்டில் தொடைகளின் ஒரு பகுதி. மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில், பூப்பெய்தும் பருவத்தை ஒட்டி, எஞ்சிய பகுதி. தாயான பின்னர்ப் பச்சை குத்திக்கொள்வது நாணமற்ற செயலாகக் கருதப்பட்டமையால் அதற்குமுன் யாவும் முடிந்தாக வேண்டும். ஆனால் இடையில் தடைகள் பல. பெண்ணுக்குக் கடும் நோய் வந்தால் வேலை நிற்கும். விதைப்புக் காலத்தில் குருதி சிந்துதல் ஆகாது. நீள்வீட்டில் பிணம் அடக்கம் செய்யப்படாமல் இருக்கும்போதும் ஆகாது. வெள்ளம் பெருகுவதாகக் கனவு கண்டால் அது குருதிப் பெருக்கின் குறி. அன்றும் ஊசியைத் தொடமாட்டார்கள். இவற்றுட் சில செய்திகளை, போர்னியோவின் உட்பகுதியில் 1890களில் நெடும்பயணம் செய்த நியூவென்ஹைஸ் என்னும் டச்சு மருத்துவர் தொகுத்து வைத்தார். நான்கு ஆண்டுகள் எதற்கு என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. புண் ஆறுவதற்கு மட்டும் வேண்டிய காலம் அன்று அது. வயலும் சாவும் கனவும் இடையிட்டு இடையிட்டு வகுத்த காலம்.

கூலியைப் பற்றிய வழக்கங்கள் இன்னும் சுவையானவை. நண்பரின் குருதியைச் சிந்தச் செய்வது குலவழக்கத்திற்கு மாறு. ஆகவே முதற் குருதி தோன்றியவுடன், குத்துகின்ற பெண்ணுக்குப் பழைய பாசிமணிகள் நான்கு, அல்லது ஒரு வெள்ளி பெறுமானமுள்ள வேறு பொருள் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் அவளுடைய கண் குருடாகும். சிறுமியின் பெற்றோர்க்கும் தீங்கு நேரும். விரல்களுக்குக் கூலி ஒரு குறுவாள். முன்கைகளுக்கு வேலைத் திறத்திற்கேற்ப 8 முதல் 20 வெள்ளி வரை பெறும் சேகண்டி. தொடைகளுக்கு, வேலை முதல் தரமாயின், 60 வெள்ளி வரை மதிப்புள்ள பெரிய தாவாக் சேகண்டி. அளவுக்கு மிஞ்சிக் கூலி கேட்டவள் ஓராண்டுக்குள் இறந்துபடுவாள் என்றொரு நம்பிக்கையும் இருந்தது. அவ்வாறு இறந்த கலைஞர் எவரையும் தாம் கண்டதில்லை என்று ஹோஸ் தம் நூலில் உலர்ந்த நகையோடு எழுதிச் செல்கிறார்.

வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோலை இழுத்துப் பிடிப்பதற்குக் கலைஞரும் அவருடைய துணைப்பெண்ணும் தம் கால்களையே பயன்படுத்துவர். படுத்திருக்கும் சிறுமி பெரும்பாலும் கதறிவிடுவாள். குத்துகின்றவள் அதனைப் பொருட்படுத்தாது வரிசை பிசகாமல் தட்டிக்கொண்டே போவாள். தூய்மை செய்யும் மருந்தெதுவும் இல்லாமையால் புண் சீழ் வைப்பதும் உண்டு. பழங்குடியினர் கலையைப் போற்றி எழுதுகின்றவர்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. பத்து வயதுச் சிறுமியிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை என்னும் உண்மை, அக்கோலத்தின் அழகால் மறைந்துவிடக் கூடியதன்று. எனினும் அச்சிறுமிகள் வளர்ந்து முதுமை எய்தியபின், தம் கைகளைக் காட்டுகையில் நாணம் கொண்டதில்லை, பெருமையே கொண்டனர். இரண்டும் உண்மை; இரண்டையும் ஒருசேர வைத்தே இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

அவர்கள் அவ்வலியை ஏற்றதற்கு மறுமை பற்றிய எண்ணமே பெருங் காரணம். இறந்தபின் செல்லும் இருள் வழியில் உடலிலுள்ள பச்சைக் கோலம் தீவட்டி போல் ஒளிதரும். அஃது இல்லாதவள் என்றென்றும் இருளிலேயே நிற்பாள். மறுமையில் தெலாங் ஜூலான் என்றோர் ஆறு ஓடுவதாகவும், கோலம் முழுமை பெற்றவள் அதில் இறங்கி நீராடி முத்துகளைப் பொறுக்கலாம் என்றும், அரைகுறையாகக் குத்திக்கொண்டவள் கரையில் மட்டும் நிற்கலாம் என்றும், குத்திக்கொள்ளாதவள் கரையையும் அணுக முடியாது என்றும் உள்நாட்டுக் குலங்கள் சில நம்பின. ஒருமுறை தொடங்கிய வேலையைப் பாதியில் விடமுடியாத கட்டாயம் இந்நம்பிக்கையால் விளங்கும்.

இக்கலையின் தோற்றத்திற்கும் ஒரு கதை உண்டு. மரமும் விலங்கும் மனிதரைப் போல் பேசிய காலத்தில், செம்போத்துப் பறவையும், இறகுகளில் கண்போன்ற புள்ளிகளைக் கொண்ட குவாங் என்னும் காட்டுப் பறவையும் ஒன்றுக்கொன்று பச்சை குத்திக்கொள்ள உடன்பட்டன. செம்போத்து முதலில் முனைந்து குவாங்கின் இறகெங்கும் அழகாகக் குத்தி முடித்தது. அடுத்துக் குவாங்கின் முறை. அதற்கோ கை வரவில்லை. செம்போத்தைப் பழுப்புச் சாயக் கிண்ணத்தில் அமரச் செய்து, தலைமேல் கருமையைக் கொட்டிவிட்டு, பகைவர் வருகின்றனர், இனி நிற்க இயலாது என்று கூறிப் பறந்துவிட்டது. செம்போத்தின் தலையும் கழுத்தும் கருமையாகவும் உடல் செம்பழுப்பாகவும் இருப்பதற்குக் காரணம் அதுவாம். அரைகுறை வேலைக்காரரை எள்ளி நகையாடும் கதையாகவும் இதனைக் கொள்ளலாம்.

காயான் மகளிரின் பச்சை வீட்டோடு கட்டுண்டது. சரவாக்கின் மற்றொரு பெருங்குலமாகிய இபானியரின் பச்சையோ பயணத்தோடு கட்டுண்டது. இதில் வியப்பு என்னவெனில், இபானியர் இக்கலையைத் தம் பகைவரிடமிருந்தே பெற்றனர் என்று ஹோஸும் ஷெல்ஃபர்டும் கருதியதாகும். காயான் குலத்தாரும் இபானியரும் நெடுங்காலம் ஒருவர் தலையை ஒருவர் கொய்தவர்கள். 1863ஆம் ஆண்டில் சார்ல்ஸ் புரூக் காயான் நாட்டின்மேல் படையெடுத்தபோது அவருடன் சென்ற படகுகளில் ஆயிரக்கணக்கான இபான் வீரர் இருந்தனர். அத்தகைய பகைக்கு நடுவிலும் கோலங்கள் ஆற்றைக் கடந்து வந்தன. வந்தவிடத்தில் பெயரும் பொருளும் மாறின. காயான் மக்களின் நாய்வடிவக் கோலம் இபானியரிடம் தேளாக மாறியது என்பது அவ்விருவரும் காட்டும் சான்று. வடிவம் நிலைத்துப் பொருள் மாறும் இந்நிகழ்ச்சி நூறு ஆண்டுகளுக்குப் பின் மிகப் பெரிய அளவில் மீண்டும் நடக்க இருந்தது.

இபான் மொழியில் பச்சைக்குப் பந்தாங் என்று பெயர். மலாய் மொழியில் இதே ஒலியுடைய சொல் விலக்கு என்னும் பொருளைத் தரும். ஆனால் காயான் மகளிர்க்கு இருந்த அளவு விலக்குகள் இபான் ஆடவர்க்கு இல்லை. அவர்களுக்குப் பச்சை என்பது பெஜாலாய் என்னும் வழக்கத்தின் பதிவேடு. பெஜாலாய் என்றால் நடத்தல், பயணம் போதல். மணமாகாத இளைஞன் நீள்வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பல திங்களோ ஆண்டுகளோ அயலிடங்களில் உழைத்துப் பொருளோடும் புகழோடும் திரும்ப வேண்டும் என்பது அக்குலத்தின் எதிர்பார்ப்பு. காட்டுப் பிசின் சேகரிக்கவும், பின்னாளில் மிரியின் எண்ணெய் வயல்களிலும் மரவெட்டு முகாம்களிலும் வேலை செய்யவும், புருணை, சபா, சிங்கப்பூர் என எங்கெங்கும் அவர்கள் சென்றனர். திரும்பி வந்தவனிடம் பழஞ்சாடியும் சேகண்டியும் இருக்கும். உடலில் புதிய கோலங்கள் இருக்கும்.

புறப்படும் இளைஞனுக்கு முதலில் குத்தப்படுவது இரு தோள்களிலும் பூங்ஙாய் தெரூங் எனப்படும் கத்தரிப்பூக் கோலம். சுமைக் கூடையின் வார் அழுந்தும் இடத்திலேயே அது அமைந்திருக்கும். பூவின் நடுவில் சுருள்வரி ஒன்று உண்டு. அதற்குத் தாலி ஞாவா, அதாவது உயிர்க்கயிறு என்று பெயர். தவளைக் குஞ்சின் வயிற்றில் தோல் வழியே தெரியும் குடற்சுருளைப் பார்த்து அமைத்தது அவ்வரி என்பர். வாலுள்ள உயிர் காலுள்ள உயிராக மாறுவது போலச் சிறுவன் ஆடவனாக மாறுகின்றான் என்பது குறிப்பு. தாலி என்னும் சொல் மலாய், இபான் மொழிகளில் கயிற்றைக் குறிப்பது தமிழ்ச் செவிக்கு ஒரு கணம் இனிய மயக்கத்தைத் தரும். கத்தரிப்பூவுக்குப் பின் வரும் கோலங்கள் யாவும் வழியில் சேர்பவை. ஓரிடத்தில் கையில், ஓரிடத்தில் முதுகில், ஓரிடத்தில் காலில் என்று, வேலை செய்த ஊர்களிலும் தங்கிய நீள்வீடுகளிலும் வெவ்வேறு கைகள் குத்தியவை. தொண்டையில் குத்தப்படும் உக்கிர் ரெக்கோங் என்னும் கோலம் பகைவரின் வாள் வீச்சினின்று காக்கும் என்று நம்பப்பட்டது. விரல்களில் குத்தப்படும் பச்சை ஒரு காலத்தில் தலை கொய்தவனுக்கு உரியது. நெய்தலிலும் சாயமிடுதலிலும் சிறந்த பெண்டிர்க்கும் கைகளில் பச்சை குத்தும் பெருமை உண்டு. வீரனின் தலைக்கு ஈடாக நெசவாளியின் துணியை வைத்த குலம் அது.

ஆகவே முதிய இபானியர் ஒருவரின் முதுகு ஒரே கையால் திட்டமிட்டுத் தீட்டப்பட்ட ஓவியம் அன்று. ஊர்ப்பெயர் எழுதாத ஊர்வரிசை என்றே அதனைச் சொல்லலாம். அவர் எங்கெங்குச் சென்றார் என்பதை அவரோடு பேசாமலே அறிந்துகொள்ளும் திறமுடையோர் அந்நாளில் இருந்தனர்.

மலாயாத் தமிழர் பலர் இபானியரை முதன்முதலில் கண்டது 1948ஆம் ஆண்டில் நெருக்கடிநிலை பிறந்தபோதுதான். காட்டில் தடம் பார்த்துச் செல்வதற்காக ஆங்கில அரசு அவர்களைச் சரவாக்கிலிருந்து கொணர்ந்தது. தோட்டங்களின் ஓரங்களில் படைவண்டிகளிலிருந்து இறங்கிய அவ்விளைஞர்களின் தொண்டையிலும் தோளிலும் இருந்த கருங்கோலங்கள், பார்த்தோர் நெஞ்சில் அச்சத்தையும் வியப்பையும் ஒருங்கே எழுப்பியிருக்கும். அவர்களுள் ஒருவரான ஆவாங் அனாக் ரவாங், 1951ஆம் ஆண்டு ஜொகூர்க் காட்டில் தாமும் காயமுற்ற நிலையில் காயமுற்ற ஆங்கிலப் படைவீரர் ஒருவரைக் காத்து நின்றமைக்காக ஜார்ஜ் சிலுவை விருது பெற்றார். அவர்களைப் பொறுத்தவரை அப்படைப்பணியும் ஒரு பெஜாலாயே. போர்க்காலங்களுக்குப் பின் இபானியரின் உடலில் விமானத்தின் உருவமும் ஒரு கோலமாக இடம்பெற்றமை, அக்கலை அன்று உயிரோடிருந்தமைக்குச் சான்று.

ஆனால் அதன் தேய்வும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1924ஆம் ஆண்டு காப்பிட் நகரில் இபானியரும் காயான், கெனியா குலத்தாரும் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையோடு பழம்பகை பெரும்பாலும் ஓய்ந்தது. விரற்பச்சைக்கு உரிய காரணமும் மறைந்தது. கிறித்துவ சமயம் ஆறுகளின் வழியே உள்நாட்டை எட்டியது. அதனை ஏற்காதவரிடையேயும் 1940களில் புங்ஙான் என்னும் புதிய சமய இயக்கம் எழுந்து, பறவைச் சகுனங்களையும் பழைய விலக்குகளையும் தளர்த்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் விலக்கு குறைவது விடுதலையே. பன்றியும் கோழியும் பலியிட்டு ஓய்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு அது விடுதலையாகவும் இருந்தது. ஆனால் காயான் மகளிரின் பச்சை அவ்விலக்குகளின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. விதைப்புக்கும் இழவுக்கும் கனவுக்கும் நின்று நின்று நடந்த வேலைக்கு, நிற்கவேண்டிய காரணங்கள் போனபின் நடக்கவேண்டிய காரணமும் போயிற்று. தெலாங் ஜூலான் ஆற்றை நம்பாதவளுக்கு அதில் இறங்கும் உரிமை எதற்கு?

பள்ளிக்கூடம் எஞ்சியதை முடித்தது. விடுதிப் பள்ளியில் தங்கிப் படிக்கும் சிறுமியை நீள்வீட்டுத் தரையில் திங்கள் கணக்கில் படுக்க வைக்க முடியாது. நகரத்தில் வேலை தேடிய இளைஞர்களுள் பலர் பச்சையைப் பிற்போக்கின் அடையாளமாகக் கருதினர். 1998ஆம் ஆண்டில் பாக்குன் அணைக்காகப் பெரும்பாலும் காயான், கெனியா குலத்தவரான ஏறத்தாழ 10,000 பேர் சுங்ஙை ஆசாப் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டபோது, அவர்களோடு சென்ற மூதாட்டியரின் கைகளில் பழைய கோலங்கள் இருந்தன. பேத்தியரின் கைகள் வெறுமையாக இருந்தன.

சரவாக்கில் அக்கலை மங்கிய அதே ஆண்டுகளில் உலகின் மறுபுறத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நியூயார்க் நகரில் 1891ஆம் ஆண்டில் சாமுவேல் ஒரைலி என்பார் மின்சாரப் பச்சை இயந்திரத்திற்கு உரிமை பெற்றது முதல், மேலைநாட்டுப் பச்சைத் தொழில் துறைமுகக் கடைகளில் கப்பலோட்டிகளை நம்பி வாழ்ந்தது. 1976ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் உலகப் பச்சை மாநாடு என்னும் பெயரில் ஒரு கூட்டம் கூடியது. தனித்தனிக் கடைகளில் தொழில் இரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தவர்கள் ஒரே மண்டபத்தில் கூடிக் கருவியையும் கோலத்தையும் உடலையும் ஒருவர்க்கொருவர் காட்டிக்கொண்டனர். அதன்பின் மாநாடுகள் பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கலாயின. முதுகு முழுவதும், உடல் முழுவதும் என்று பெரிய கோலங்களைத் தொடங்கியவர்கள், தாம் விரும்பும் கலைஞரைத் தேடி ஊர் ஊராகச் சென்று, ஓரமர்வில் தோளும் மற்றோரமர்வில் விலாவுமாக ஆண்டுக்கணக்கில் நிறைத்துக்கொண்டனர். பெயர் தெரியாமலேயே அவர்களும் ஒருவகைப் பெஜாலாய் மேற்கொண்டனர் எனலாம். அவர்களை வரவேற்க நீள்வீடு ஒன்று இல்லை என்பதே வேறுபாடு.

1982ஆம் ஆண்டில் அமெரிக்கக் கலைஞர் எட் ஹார்டி, டாட்டூடைம் என்னும் இதழைத் தொடங்கினார். அதன் முதல் இதழுக்கு அவர் இட்ட தலைப்பு புதிய பழங்குடிப் பாணி என்னும் பொருளுடையது. பிலிப்பீன் மரபில் வந்த லியோ சுலுவெத்தா அப்பாணியின் முன்னோடியாகப் போற்றப்பட்டார். பசிபிக் தீவுகளின் கோலங்களும் போர்னியோவின் கோலங்களும் பழைய நூல்களின் படங்களிலிருந்து வெளியேறிக் கலிபோர்னிய இளைஞர்களின் தோள்களில் ஏறின. கத்தரிப்பூ ஒற்றைத் தோளில் தனியாக மலர்ந்தது. இபானியரைக் கேட்டால், அஃது இணையாக இருக்கவேண்டியது, ஒற்றையாகக் குத்துதல் முறையன்று என்பர். நாய் தேளாக மாறியதும் பொருள்மாற்றந்தானே என்று ஒருவர் வினவலாம். ஆனால் அங்குப் பழைய பொருளுக்கு ஈடாகப் புதிய பொருள் ஒன்று பிறந்தது. இங்கு அழகு மட்டுமே எஞ்சியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதற்கில்லை.

இவ்வாறு புறம்போன கலை, மாநாடுகளின் வழியாகவே வீடு திரும்பியது என்பதையும் மறுத்தல் கூடாது. வெளிநாட்டார் போற்றுவதைக் கண்டு இபான் இளைஞர் சிலர் தம் பாட்டனாரின் தோள்களை மீண்டும் உற்று நோக்கினர். அவர்களுள் எர்னெஸ்ட்டோ காலும் குறிப்பிடத்தக்கவர். கூச்சிங்கில் பச்சைக்கூடம் அமைத்த அவர், இயந்திரத்தோடு கைத்தட்டு முறையையும் மீட்டெடுத்து வெளிநாட்டு மாநாடுகளில் செய்து காட்டினார். 2002ஆம் ஆண்டில் கூச்சிங்கிலேயே அனைத்துலகப் பச்சை மாநாடு நடைபெற்றது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த கலைஞர்கள், தாம் நூலில் கண்ட கோலங்களின் பிறப்பிடத்தை அன்று கண்ணால் கண்டனர். பாட்டனாரின் கோலத்தைப் பேரன் கற்பதற்கு அயலாரின் கைதட்டல் வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கதா, மகிழத்தக்கதா என்று எளிதில் முடிவு கூறமுடியாது. கற்றுக்கொண்டான் என்பது உறுதி.

2019ஆம் ஆண்டு நவம்பர் 29 முதல் திசம்பர் 1 வரை கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடைபெற்ற பச்சைக் கண்காட்சி வேறுவகைப் புயலைக் கிளப்பியது. அரைகுறை ஆடையோடு ஆண்களும் பெண்களும் கோலங்களைக் காட்டி நின்ற படங்கள் பரவியதும், அன்றைய சுற்றுலா, கலை, பண்பாட்டுத் துறை அமைச்சர் முகமடின் கெத்தாப்பி அதனைக் கடுமையாகக் கண்டித்தார். தம் அமைச்சு அளித்த அனுமதி அத்தகைய காட்சிக்கு அன்று என்றார். முசுலிம்கள் பெரும்பான்மையினராக வாழும் நாட்டில் எழுந்த அக்கண்டனம் எதிர்பாராததன்று. ஆயினும் அவ்விவாதத்தின் பேரொலியில், முதுகை மறைத்தால் இபானியரின் பயண வரலாறும் மறைந்துவிடும் என்னும் சிறு குரல் எவர் காதிலும் விழவில்லை. நீள்வீட்டில் அது வெற்றுடம்பு அன்று. மண்டபத்தின் ஒளிவிளக்குகளுக்குக் கீழே வந்தவுடன் வெற்றுடம்பாயிற்று.

மாநாட்டில் மீண்டது எது, மீளாதது எது என்று பிரித்துப் பார்த்தால், மீண்டவை யாவும் பெரும்பாலும் ஆடவர் கலையாகவே இருக்கின்றன. கத்தரிப்பூவும் தேளும் தொண்டைக் கோலமும் எங்கும் கிடைக்கின்றன. காயான் மகளிரின் தொடைக் கோலம் அவ்வாறு மீளவில்லை. மூன்று நாள் மாநாட்டில் கைத்தட்டின் ஓசையைக் கேட்கலாம். கரும்புச் சாற்றில் குழைத்த மையையும் காணலாம். விதைப்புக்காக நின்ற வேலையையும், கனவுக்காகத் தள்ளிப்போன நாளையும், முதற் குருதிக்கு ஈந்த நான்கு பாசிமணிகளையும் எந்த மண்டபத்திலும் காட்ட இயலாது. ஹோஸ் திரட்டிய போர்னியோப் பொருள்கள் 1905ஆம் ஆண்டில் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கெலிங்ஙே கட்டைகள் இன்று கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. மேட்டில் படிந்த பழைய மை உலர்ந்து கிடக்கிறது. அவற்றிலிருந்து கோலத்தை எவரும் படியெடுக்கலாம். எந்த ஆண்டில் எந்தப் பகுதி, யார் கையால், எதற்குப் பின் எது என்னும் ஒழுங்கு மட்டும் கட்டையில் செதுக்கப்படவில்லை. அது குத்திய பெண்களின் நினைவில் இருந்தது.

இபானியரின் பயணமோ இன்றும் நின்றபாடில்லை. ஜொகூரின் பாசிர் கூடாங் தொழிற்பகுதியில் சரவாக்கிலிருந்து வந்த இபான் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் கப்பல் பட்டறைகளுக்குச் செல்வோரும் உளர். படகில் சென்ற பாட்டனாரின் பேரர் விமானத்தில் வருகின்றனர். அவர்களுள் சிலர் புறப்படுமுன் கூச்சிங்கிலோ சீபுவிலோ இரு தோள்களிலும் கத்தரிப்பூவைக் குத்திக்கொள்கின்றனர். கூடையின் வார் அழுந்திய இடத்தில் இப்போது பையின் வார் அழுந்துகிறது. வழியில் சேரவேண்டிய மற்றக் கோலங்களுக்காக அவர்களுடைய முதுகு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.